நாய்த் தீவனப் பையைத் திருப்பிப் படியுங்கள்

டாக் ஃபுட் பையின் முன்பக்கத்தை நான் பார்ப்பதே இல்லை. பளபளக்கும் லாப்ரடார், வெட்டி வைத்த கோழித் துண்டு, பக்கத்தில் கேரட், ஒரு கொத்துக் கீரை எல்லாம் கடை அலமாரிக்காக அச்சடித்த படம். வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யத் தேவையான சங்கதி முழுக்கப் பின்பக்கத்தில், மடிப்பை ஒட்டி, பொடி எழுத்தில் இருக்கிறது.

நாமக்கல் பக்கம் ஒரு கோழித் தீவன ஆலையின் தரச் சோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். மக்காச்சோளம், சோயா புண்ணாக்கு, கருவாட்டுத் தூள், எண்ணெய் எடுத்த தவிடு என்று லாரியில் எது வந்தாலும் எங்கள் மேசையைத் தாண்டித்தான் குடோனுக்குள் போகும். நாய்த் தீவனத்துக்குள் போவதும் பெரும்பாலும் இதே சரக்குதான். அதனால் சொந்தபந்தத்தில் யார் நாய்க்குட்டி வாங்கினாலும் பையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்துவிடுவார்கள். அவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: புரதம் எத்தனை சதவீதம் என்று பார்ப்பதற்கு முன்னால் அது எதிலிருந்து வந்தது என்று பாருங்கள்.

சதவீதம் மட்டும் போதாது

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், எந்த ஆலையிலும் வழக்கமான சோதனையில் புரதத்தை நேராக அளப்பதில்லை. ஒரு கிராம் மாதிரியைக் கந்தக அமிலத்தில் போட்டுக் கொதிக்க விடுவோம். கறுத்து, நுரைத்து, புகைந்து, கடைசியில் குடுவைக்குள் தெளிந்த பச்சை நிறத் திரவம் நிற்கும். அதில் காரம் சேர்த்து, ஆவியாக வரும் அம்மோனியாவைப் பிடித்து, நைட்ரஜன் எவ்வளவு என்று கணக்கிடுவோம். அந்த நைட்ரஜனை 6.25-ஆல் பெருக்கினால் வருகிற எண்தான் பையில் 'கச்சாப் புரதம்' என்று அச்சாகிறது. அந்த நைட்ரஜன் ஈரலிலிருந்து வந்ததா, கோழி இறகிலிருந்து வந்ததா என்று குடுவைக்குத் தெரியாது.

வயலுக்குப் போடுகிற யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். அதையே இந்தச் சோதனைக்குக் கொடுத்தால் 287 சதவீதம் 'புரதம்' என்று காட்டும்! கருவாட்டுத் தூளில் யூரியா கலந்து விற்கிற ஆட்கள் உண்டு என்பதால்தான் எங்கள் கூடத்தில் யூரியாவுக்குத் தனிச் சோதனை வைத்திருக்கிறோம். இதே ஓட்டை வழியாகத்தான் 2007-இல் அமெரிக்காவில் அந்தப் பெரிய துயரம் நடந்தது. சீனாவிலிருந்து வந்த கோதுமை குளூட்டனில், அதாவது மாவிலிருந்து பிரித்தெடுத்த புரதத்தில், புரத எண்ணை ஏற்றிக் காட்ட நைட்ரஜன் நிறைந்த ரசாயனமான மெலமைனைக் கலந்திருந்தார்கள். அதைத் தின்ற நாய்களுக்கும் பூனைகளுக்கும் சிறுநீரகம் கெட்டது. அந்த மார்ச் மாதம் மெனு ஃபுட்ஸ் நிறுவனம் ஏராளமான பிராண்டுகளின் தீவனத்தைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது.

கலப்படம் இல்லாத சரக்கிலும் இதே வித்தியாசம் உண்டு. இறகுத் தூளில் கச்சாப் புரதம் 80 சதவீதத்தைத் தாண்டும். ஆனால் அழுத்தத்தில் வேகவைத்துப் பக்குவப்படுத்தாத இறகு குடலில் கரையவே கரையாது. மக்காச்சோள குளூட்டனில் 60 சதவீதம் இருக்கும், ஆனால் புரதத்தின் செங்கற்களான அமினோ அமிலங்களில் ஒன்றான லைசின் குறைவு. சோயாவில் லைசின் நன்றாக இருக்கும், மெத்தியோனைன் என்கிற இன்னொன்று போதாது. முட்டை, கோழி, மீன் இவற்றில் நாய்க்கு வேண்டிய அமினோ அமிலங்கள் கிட்டத்தட்ட வேண்டிய அளவிலேயே சேர்ந்து கிடைக்கின்றன. 24 சதவீதம் போட்ட இரண்டு பைகளில் ஒன்று நாயின் சதையாகவும் ரோமமாகவும் மாறும். இன்னொன்றில் பாதி முற்றத்தில் அள்ள வேண்டியதாகப் போய்விடும்.

பொருள் பட்டியலைப் படிக்கிற விதம்

எது எடையில் அதிகமோ அது பட்டியலில் முதலில் வரும். அந்த எடை, ஆலைக்குள் போட்டபோது இருந்த எடை. தண்ணீரோடு சேர்த்து.

என் அக்கா மகன் லாப்ரடார் குட்டி வாங்கியபோது ஒரு பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான்.

"சித்தி, முதல் பேரே சிக்கன்தானுங்க. அப்புறம் என்ன யோசிக்கிறீங்க?"

"இருடா, முழுசாப் படி."

படித்தான். கோழி இறைச்சி, மக்காச்சோளம், குருணை, மக்காச்சோள குளூட்டன், அரிசித் தவிடு, சோயா, கோழிக் கொழுப்பு, பீட் கூழ், மினரல், உப்பு, கேரட் பொடி, புளூபெர்ரி, மஞ்சள்.

பென்சிலை எடுத்து அவனையே கணக்குப் போடச் சொன்னேன். 100 கிலோ கலவையில் பச்சைக் கோழி 20 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதில் 14 கிலோவாவது தண்ணீர். வெந்து காய்ந்து தீவன உருண்டையாக வெளியே வரும்போது கோழியில் மிஞ்சுவது ஆறு கிலோ சொச்சம். மக்காச்சோளம் 18 கிலோ போட்டிருந்தால் அது காய்ந்த தானியம், ஏறத்தாழ அப்படியே இருக்கும். முதலில் நின்ற கோழி இப்போது எங்கே போயிற்று? பிறகு மக்காச்சோளத்தையும் அதன் குளூட்டனையும் சேர்த்துக் கூட்டச் சொன்னேன், குருணையையும் தவிட்டையும் சேர்த்துக் கூட்டச் சொன்னேன். ஒரே தானியத்தை இரண்டு மூன்று பெயராகப் பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும், கோழி மேலேயே நிற்கும். ஆலைக்காரர்கள் இதைத் தெரிந்தேதான் செய்கிறார்கள். சட்டப்படி அதில் தப்பு இல்லை. படிப்பவர்தான் கூட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக உப்பில் விரல் வைக்கச் சொன்னேன். தீவனத்தில் உப்பு பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்குள்தான் இருக்கும். உப்புக்குப் பின்னால் வருகிற எதுவும் உப்பின் அளவைத் தாண்டாது. முன்பக்கத்தில் கூடை கூடையாகப் படம் போட்ட கேரட்டும் புளூபெர்ரியும் அங்கேதான் இருந்தன.

இந்த இடத்தில் நிறையப் பேர் தடுமாறுகிற இரண்டு பெயர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 'சிக்கன் மீல்' என்று போட்டிருந்தால் பயப்பட வேண்டாம். கோழியை வேகவைத்து, கொழுப்பைப் பிரித்து, தண்ணீரை வற்றவைத்து அரைத்த தூள் அது. நல்ல தூளில் 65 சதவீதம் வரை புரதம் இருக்கும். பட்டியலில் இரண்டாவதாக நிற்கிற சிக்கன் மீல், முதலாவதாக நிற்கிற பச்சைக் கோழியைவிடப் பெரும்பாலும் அதிக இறைச்சியைக் கொண்டுவரும். இரண்டும் மேலேயே இருந்தால் எனக்குத் திருப்தி.

'கோழி உபபொருட்கள்' என்றாலும் முகம் சுளிக்கத் தேவையில்லை. ஈரல், இரைப்பை, கழுத்து, கால், குடல் எல்லாம் அதில் வரும். ஈரலும் மண்ணீரலும் நெஞ்சுக்கறியைவிடச் சத்தானவை. கறிக்கடையில் நாமே கேட்டு வாங்குகிறோம். நான் வேண்டாம் என்பது பெயர் இல்லாத சரக்கைத்தான். 'இறைச்சியும் இறைச்சி உபபொருட்களும்', 'விலங்குக் கொழுப்பு', 'தானியங்களும் தானிய உபபொருட்களும்' என்று பொதுவாகப் போட்டிருந்தால், எந்த விலங்கு, எந்த தானியம் என்று மாற்றிக்கொள்ளும் உரிமையைக் கம்பெனி தன் கையிலேயே வைத்திருக்கிறது என்று அர்த்தம். எங்கள் ஆலையில் விலைப் பட்டியல் வந்ததும் கம்ப்யூட்டரில் ஃபார்முலா மாறும். மக்காச்சோளம் ஏறினால் கம்பு, அதுவும் ஏறினால் குருணை. முட்டைக் கோழிப் பண்ணைக்கு அது சரி. ஒரே பிராண்டை மாதக்கணக்கில் தின்கிற நாய்க்கு, குறிப்பாக வயிறு சட்டென்று கெடுகிற நாய்க்கு, மூட்டைக்கு மூட்டை உள்ளே இருப்பது மாறினால் வாந்தியும் பேதியும் எதனால் என்று டாக்டராலும் கண்டுபிடிக்க முடியாது.

வெளிநாட்டுப் பைகளில் பெயரிலேயே ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவில் தீவனத்துக்கு அளவுகள் வகுக்கிற ஆஃப்கோ அமைப்பின் விதிப்படி, வெறுமனே 'நாய்க்கான சிக்கன்' என்ற மாதிரிப் பெயர் வைத்தால் தயாரிப்பில் சேர்த்த தண்ணீர் நீங்கலாக 95 சதவீதம் கோழி இருக்க வேண்டும். 'சிக்கன் டின்னர்' என்றால் 25 சதவீதம் போதும். 'சிக்கனுடன்' என்றால் வெறும் 3. 'சிக்கன் ஃப்ளேவர்' என்றால் நாய்க்கு அந்தச் சுவை தெரிகிற அளவு இருந்தால் சரி.

தானியம் கெட்டதா?

தானியம் நாய்க்கு ஆகாது என்று ஒரு பேச்சு ஊரெல்லாம் சுற்றுகிறது. வெந்த அரிசியையும் மக்காச்சோளத்தையும் நாய் நன்றாகவே செரித்துக்கொள்ளும். மாவுச்சத்தை உடைக்கிற அமைலேஸ் மரபணு ஓநாய்க்கு இருப்பதைவிட நாய்க்குப் பல மடங்கு பிரதிகளாக இருக்கிறது என்று 2013-இல் நேச்சர் இதழில் ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். நம் ஊர் நாய்கள் தலைமுறை தலைமுறையாகச் சோறு தின்று வளர்ந்தவைதானே.

தானியத்தை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் வேறு மாவு வந்தாக வேண்டும். மாவு இல்லாமல் இயந்திரத்தில் உருண்டை பிடிக்காது. அப்படித்தான் பட்டாணி, பருப்பு, உருளைக்கிழங்கு உள்ளே வந்தன. இவை அதிகமாக இருக்கிற தீவனத்தைத் தின்ற நாய்களுக்கு இதயத் தசை பலவீனமாகி விரிகிற நோய் வருவதாகப் புகார்கள் வந்து, 2018 ஜூலையில் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கண்காணிப்பு அமைப்பான எஃப்.டி.ஏ. விசாரணையைத் தொடங்கியது. தீவனம்தான் காரணம் என்று இதுவரை உறுதியாகவில்லை. ஆனாலும் முதல் ஐந்து பெயரில் பட்டாணி, பட்டாணிப் புரதம், பட்டாணி மாவு என்று மூன்றைப் பார்த்தால் நான் அந்தப் பையை எடுப்பதில்லை. தானியம் ஒத்துக்கொள்ளவில்லை என்று கால்நடை மருத்துவர் சோதித்துச் சொன்ன நாய்க்கு மட்டும் தானியம் இல்லாத தீவனத்தை வாங்கினால் போதும்.

கொழுப்பு, நிறம், கெடாமல் வைக்கும் மருந்து

கொழுப்பிலும் பெயரைத் தேடுங்கள். கோழிக் கொழுப்பு, மீன் எண்ணெய் என்று இருந்தால் நல்லது. தோலுக்கு வேண்டிய லினோலிக் அமிலம் கோழிக் கொழுப்பில் பாமாயிலைவிட ஏறக்குறைய இரண்டு பங்கு இருக்கும். குட்டிக்கு மூளையும் கண்ணும் வளர மீன் எண்ணெய் உதவும்.

கொழுப்பு சிக்குப் பிடிக்காமல் இருக்க ஏதாவது சேர்த்தே ஆக வேண்டும். டோக்கோஃபெரால் என்றால் வைட்டமின் ஈ வகை. ரோஸ்மேரிச் சாறும் இதற்குத்தான். பி.எச்.ஏ., பி.எச்.டி. இரண்டும் அனுமதிக்கப்பட்ட ரசாயனங்கள். எத்தாக்ஸிக்வின் என்பதைத் தீவனத்தில் சேர்க்கும் அனுமதியை 2017-இல் ஐரோப்பிய ஒன்றியம் நிறுத்தி வைத்தது. மீன் தூள் கப்பலில் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும் என்பதால் தூள் செய்கிற இடத்திலேயே இந்த மாதிரி ஒன்றைச் சேர்ப்பார்கள். நாய்த் தீவன ஆலை தானாகச் சேர்க்காவிட்டாலும் மீன் தூள் வழியாக வந்துவிடலாம். மீன் சேர்ந்த நாய்த் தீவனம் வாங்குபவர்கள் கம்பெனியின் நுகர்வோர் எண்ணுக்கு இதைக் கேட்டு ஒரு மெயில் போடுங்கள்.

நிறம் சேர்த்தது எதற்கும் வேண்டாம். சிவப்பையும் பச்சையையும் நாயால் பிரித்துப் பார்க்கவே முடியாது. அந்தச் சாயம் நம் கண்ணுக்காகப் போட்டது.

மூன்று கணக்குகள்

போன் கால்குலேட்டர் போதும்.

முதலாவது, தண்ணீரைக் கழிப்பது. உலர் தீவனத்தில் புரதம் 22, ஈரப்பதம் 10 என்றால் 22-ஐ 90-ஆல் வகுத்து நூறால் பெருக்குங்கள்: 24.4. கிரேவி பாக்கெட்டில் புரதம் 8, ஈரப்பதம் 82 என்றால் 8-ஐ 18-ஆல் வகுக்க வேண்டும்: 44.4. எட்டு என்று பார்த்து ஏமாறவும் வேண்டாம், 22 என்று பார்த்து மயங்கவும் வேண்டாம். ஆஃப்கோ அளவுப்படி, தண்ணீர் கழித்த கணக்கில் வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18 சதவீதம் புரதமும் 5.5 சதவீதம் கொழுப்பும் வேண்டும். குட்டிக்கும் சினையான நாய்க்கும் 22.5, 8.5.

இரண்டாவது, மாவுச்சத்து. இதைப் பையில் போடமாட்டார்கள். புரதம் 22, கொழுப்பு 10, நார் 5, ஈரம் 10, சாம்பல் 8 என்றால் மொத்தம் 55. மீதி 45 மாவு. சாம்பல் போடாவிட்டால் எட்டு என்று வைத்துக்கொள்ளலாம். சாம்பல் 10-ஐத் தாண்டினால் எலும்புத் தூள் அதிகம் என்று சந்தேகப்படுவேன். தீவனத்தைக் கொளுத்திக் காட்டி, "பாருங்க சாம்பல், கலப்படம்" என்று வருகிற வீடியோக்களை மட்டும் நம்பாதீர்கள். எந்த உணவைக் கொளுத்தினாலும் தாது உப்பு சாம்பலாக மிஞ்சத்தான் செய்யும்.

மூன்றாவது, விலை. கிலோ விலையை ஒப்பிடாமல் கலோரி விலையை ஒப்பிடுங்கள். புரதத்துக்கும் மாவுக்கும் கிராமுக்கு 3.5, கொழுப்புக்கு 8.5. மேலே சொன்ன தீவனத்தில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 320 கலோரி. புரதம் 28, கொழுப்பு 16, மாவு 36 இருக்கிற இன்னொன்றில் 360. முதலாவது கிலோ 250 ரூபாய், இரண்டாவது 350 என்று வைத்தால், ஆயிரம் கலோரிக்கு 78 ரூபாயும் 97 ரூபாயும் ஆகிறது. கடையில் நூறு ரூபாயாகத் தெரிந்த வித்தியாசம் நாயின் தட்டில் அவ்வளவு பெரிதாக இல்லை. நல்லது செரிப்பதால் மலமும் குறையும். புதுத் தீவனம் மாற்றி இரண்டு மூன்று வாரம் கழித்து மலத்தைக் கவனியுங்கள்: கெட்டியாக, சின்னதாக, அள்ளினால் தரையில் ஒட்டாமல் வந்தால் தீவனம் உடம்பில் சேருகிறது.

குட்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. குட்டிக்கான முழுத் தீவனம் கொடுத்துக்கொண்டே மேலே கால்சியம் டானிக்கையும் ஊற்றாதீர்கள். அதிகப்படியான கால்சியத்தைக் குட்டியின் குடலால் தடுத்து நிறுத்த முடியாது, அது எலும்பு வளர்ச்சியைக் கோணலாக்கும். வளர்ந்தால் 32 கிலோவுக்கு மேல் போகும் இனங்களின் குட்டிகளுக்குத் தீவனத்தில் கால்சியம் 1.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஆஃப்கோ வரம்பே வைத்திருக்கிறது. அக்கா மகனிடம் டானிக் பாட்டிலை அன்றைக்கே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன்.

'ஆஃப்கோ அங்கீகாரம் பெற்றது' என்று எழுதியிருந்தால் அந்தக் கம்பெனியைக் கொஞ்சம் தள்ளியே வையுங்கள். ஆஃப்கோ எந்தத் தீவனத்தையும் சோதிப்பதும் இல்லை, அங்கீகரிப்பதும் இல்லை. அளவுகளை வகுத்துக் கொடுப்பதோடு சரி. அந்த அளவுக்குப் பொருந்துகிறது என்று போட்டிருந்தால் முறையான வாசகம். நாய்களுக்கே கொடுத்துப் பார்த்தோம் என்று போட்டிருந்தால் இன்னும் கூடுதல் நம்பிக்கை. வளர்ந்த நாய்க்கான அந்தச் சோதனைக்கு எட்டு நாய்களும் 26 வாரமும் குறைந்தபட்சம்.

லூஸில் வாங்காதீர்கள்

இதில் எனக்குக் கோபமே வரும். 20 கிலோ மூட்டையைக் கடை வாசலில் வாய் திறந்து வைத்து, கிலோ கிலோவாகக் கண்ணாடிக் கவரில் கட்டி விற்கிறார்கள். பொருள் பட்டியல் இல்லை, தேதி இல்லை, பேட்ச் எண் இல்லை. மேலே படித்த எல்லாம் வீணாகப் போகிற இடம் அது.

ஐப்பசி, கார்த்திகையில் மக்காச்சோள லாரி வந்தால் எங்கள் கூடத்தில் எல்லாரும் உஷாராகிவிடுவோம். ஈரமானி 14-க்கு மேல் காட்டினால் லாரி திரும்பிப் போகும். பிறகு உடைத்த சோளத்தை இருட்டறையில் புற ஊதா விளக்கின் கீழ் பரப்பிப் பார்ப்போம். அங்கங்கே பச்சை கலந்த மஞ்சளாக மின்னினால் பூஞ்சை வேலை செய்திருக்கிறது என்று சந்தேகம்; உடனே அஃப்லாடாக்சின் சோதனைக்குப் போகும். அந்த விஷம் ஈரலைத் தாக்கும், வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. அமெரிக்காவில் நாய்த் தீவனத்துக்கு நூறு கோடிப் பங்கில் 20 பங்குதான் வரம்பு. அங்கேயே 2020 கடைசியில் ஒரு தீவனத்தில் அது எல்லை மீறி, 70-க்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாகத் தகவல் வந்திருப்பதாக 2021 ஜனவரியில் எஃப்.டி.ஏ. அறிவித்தது. அவ்வளவு சோதனை இருக்கிற ஊரிலேயே அப்படி என்றால், மழைக்காலத்தில் சாரல் அடிக்கிற வாசலில் திறந்து கிடக்கிற மூட்டையை எப்படி நம்புவது?

சீல் பிரிக்காத சின்னப் பையாக வாங்குங்கள். கடைக்காரரிடம், "அண்ணா, உள்ள இருக்கிற புது ஸ்டாக்ல ஒண்ணு குடுங்க" என்று கேட்டால் கொடுப்பார். வெயில் படும் ஷோகேஸில் நின்ற பை வேண்டாம். பிரித்ததும் கொஞ்சம் உள்ளங்கையில் கொட்டித் தேய்த்து முகருங்கள். வறுத்த தானியமும் லேசான கறி வாடையும் வரலாம். பழைய எண்ணெயின் சிக்கு வாடை, ஈரச் சாக்கின் புழுங்கல் வாடை வந்தாலோ, உருண்டைகள் ஒட்டிக் கட்டியாக இருந்தாலோ நாய்க்கு ஒரு வாய் கூடக் கொடுக்காதீர்கள். நல்ல பையை டப்பாவில் கொட்டாமல் பையோடு டப்பாவுக்குள் இறக்கி, காற்றை அழுத்தி எடுத்து, வாயை மடித்துக் கிளிப் போடுங்கள். டப்பாவில் கொட்டினால் அடியில் பழைய கொழுப்பு படிந்து புதிய தீவனத்தையும் கெடுக்கும். ஒன்றரை மாதத்துக்குள் தீருகிற அளவு வாங்கினால் போதும்.

பழைய தீவனத்திலிருந்து புதியதற்கு ஒரே நாளில் தாவாதீர்கள். கால் பங்கு புதிது, இரண்டு மூன்று நாளில் பாதி, பிறகு முக்கால் என்று ஒரு வாரம், பத்து நாள் எடுத்து மாற்றுங்கள். மாற்றிய பிறகு நாய் திடீரென்று தட்டைத் தொடாமல் திரும்பினாலோ, வாந்தி எடுத்துச் சுருண்டு படுத்தாலோ, கண் வெள்ளையும் ஈறும் மஞ்சளித்தாலோ தீவனத்தை நிறுத்திவிட்டு அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பையையும் கூடவே எடுத்துப் போங்கள். பேட்ச் எண்ணைப் போட்டோ எடுத்து வைத்து, மீதித் தீவனத்தில் கால் கிலோவைக் கவரில் கட்டி ஃப்ரீசரில் போடுங்கள். சோதிக்கச் சரக்கு இல்லாவிட்டால் எங்களைப் போன்ற எந்தக் கூடத்தாலும் எதையும் நிரூபிக்க முடியாது.